காட்டுச்சேவலின் கழுத்திறகும் சால்மன் தூண்டிலும்

(கடையநல்லூரில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

அறிவிப்பில் தலைப்பைப் பார்த்த அண்ணாச்சி ஒருவர் வாசலிலேயே என்னை நிறுத்தினார். "அட்லாண்டிக் சால்மனுக்கு எந்தப் பூச்சி மாட்டுவது என்பதைக் கடையநல்லூரில் வந்து பேசுகிறீர்களே, இங்கே யாருக்குத் தம்பி அது வேண்டும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பூச்சி என்று நான் சொல்வது, தூண்டில் முள்ளில் இறகும் நூலும் வைத்துக் கட்டுகிற போலிப் பூச்சியை. மேற்கே கையைக் காட்டித்தான் பதில் சொல்ல வேண்டும். கருப்பாநதி அணைக்குப் பின்னால் ஏறிப்போகிற காட்டில் ஒரு பறவை இருக்கிறது. ஸ்காட்லாந்திலும் நார்வேயிலும் கனடாவிலும் சால்மன் பிடிப்பவர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக அதன் கழுத்து இறகைத் தேடித் தேடி வாங்கினார்கள். அந்தப் பறவை நம் காட்டுக்கோழி. சாம்பல் நிறக் காட்டுக்கோழி இந்தியாவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைதான் அதற்குப் பெரிய வீடு.

அந்தச் சேவலின் கழுத்தைப் பக்கத்தில் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். இறகின் நடுத்தண்டு நுனிக்கு அருகே அகன்று, தட்டையாகி, மெழுகுப் பூச்சு ஏறிய கெட்டியான புள்ளியாக மாறியிருக்கும். ஒரு புள்ளி வெள்ளை, ஒரு புள்ளி பொன்மஞ்சள், சுற்றிலும் கறுப்பும் சாம்பலும். மற்ற இறகுகள் தண்ணீரில் நனைந்தால் ஒட்டிச் சுருங்கிவிடும். இந்தப் புள்ளி மட்டும் நனைந்தாலும் மங்காது. தூண்டில் முள்ளின் தலைப்பக்கம் இருபுறமும் ஒவ்வொன்று வைத்துக் கட்டினால், தண்ணீருக்குள் ஒரு குட்டி மீனின் கண் தெரியும். இதற்காகத்தான் கழுத்துத் தோலோடு உரித்து, உலர்த்தி, கப்பலில் ஏற்றினார்கள். சாரல் மாதங்களில் சேவல் இந்த இறகுகளை உதிர்த்துவிட்டு மங்கலான கோலத்துக்கு மாறிவிடும், கூவுவதையும் குறைத்துக்கொள்ளும். மழை ஓய்ந்த பிறகுதான் முழு அழகும் திரும்பும். கழுத்துத் தோலுக்காக வேட்டையாடியவர்களுக்கு வேண்டியது அந்தப் பருவத்துச் சேவல்தான், அதாவது இணைசேர்ந்து குஞ்சு பொரிக்க வேண்டிய பருவத்துச் சேவல்.

இந்தப் பறவையின் அறிவியல் பெயரில் பியர் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரரின் பெயர் நிற்கிறது. புதுச்சேரிப் பக்கம் நெடுநாள் இருந்தவர். 1782-இல் தம் பயண நூலை வெளியிட்டார். வீட்டுக்கோழிகளுக்கெல்லாம் மூதாதை இதுதான் என்று அவர் எண்ணினார். அது சரியல்ல, முதன்மையான மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்கான மரபணு நம் சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்று 2008-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அவர் சொன்னதில் ஒரு பங்கு உண்மை இருந்திருக்கிறது.

இனி மீனுக்கு வருவோம். ஏன் இவ்வளவு தூரம் போய் ஓர் இறகைத் தேடினார்கள் என்பதற்கு அந்த மீனின் வாழ்க்கைதான் விடை.

அட்லாண்டிக் சால்மன் ஆற்றின் மேல்பகுதியில், கூழாங்கல் பரப்பில் முட்டையிலிருந்து வெளிவருகிறது. சில ஆண்டுகள் ஆற்றிலேயே பூச்சி தின்று வளர்கிறது. பிறகு உடம்பு வெள்ளி நிறமாகிக் கடலுக்குப் போகிறது. கிரீன்லாந்து, ஃபேரோ தீவுகள் வரை போய்க் கடலில் கொழுக்கிறது. ஓராண்டோ இரண்டு மூன்று ஆண்டுகளோ கழித்து, தான் பிறந்த அதே ஆற்றுக்கு முட்டையிடத் திரும்புகிறது. நன்னீருக்குள் நுழைந்ததும் இரை எடுப்பதை நிறுத்திவிடுகிறது. வயிறு சுருங்கிவிடுகிறது. மாதக்கணக்கில் ஆற்றில் கிடந்தாலும் கடலில் சேர்த்த கொழுப்பை வைத்தே காலம் தள்ளுகிறது.

பாபநாசத்தில் தாமிரபரணிப் படித்துறையில் நின்று பொரி போட்டிருப்பீர்கள். மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வரும். பசித்த மீனுக்கு எதைக் கொடுப்பது என்று யோசிக்க வேண்டியதில்லை. நீலகிரியில் டிரவுட் மீன் பிடித்தவர்களுக்கும் வழி தெளிவாகவே இருந்தது. அவலாஞ்சியில் 1907-இல் பொரிப்பகம் அமைத்து வளர்த்த அந்த மீன் சால்மனின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் அது ஓடையில் இரை தேடுகிறது. எந்தப் பூச்சி தண்ணீர்மேல் பறக்கிறதோ அதன் சாயலில் ஒன்றைக் கட்டி வீசலாம். சால்மனுக்கு இந்த வழி உதவாது. இரையே எடுக்காத மீன் எதற்கு வாயைத் திறக்கிறது? குஞ்சாக இருந்தபோது பூச்சி பிடித்த பழக்கம் மீள்கிறது என்கிறார்கள் சிலர். தன் இடத்துக்குள் வந்த அந்நியனை விரட்டும் கோபம் என்கிறார்கள் சிலர். வெறும் ஆர்வம் என்பவர்களும் உண்டு. இதுதான் காரணம் என்று இன்றுவரை யாரும் நிறுவவில்லை. ஆகவே சால்மனுக்குக் கட்டும் பூச்சி எதன் நகலும் அல்ல. அங்கேதான் மனிதக் கற்பனை கட்டவிழ்ந்து போயிற்று.

விக்டோரியா காலத்துப் பிரிட்டனில் அது எங்கே போய் நின்றது என்பதற்கு ஒரே ஒரு பூச்சியைச் சொல்கிறேன். 'ஜாக் ஸ்காட்' என்று அதற்குப் பெயர். ஜான் ஸ்காட் பிரபுவிடம் வேலைபார்த்த, அதே பெயர் கொண்ட பணியாள் 1850 வாக்கில் கட்டியது. இந்த ஊர் நூலும் தறியும் அறிந்த ஊர், அதனால் அடியிலிருந்து சொல்கிறேன். முள்ளின் வால்பக்கம் வெள்ளிச் சரிகை, அதன்மேல் மஞ்சள் பட்டுநூல். வாலுக்குச் சீனத்துப் பொன்வண்ணக் கோழியின் கொண்டை இறகு. பிறகு ஒரு சுற்று நெருப்புக்கோழி இறகு. உடம்பின் பின்பாதி மஞ்சள் பட்டு, அதன்மேல் தென்னமெரிக்கத் தூக்கான் பறவையின் மார்பு இறகு. முன்பாதி கறுப்புப் பட்டு, சரிகைச் சுற்று. கழுத்துக்குக் கினிக்கோழி. சிறகுக்கு வான்கோழி, மயில், வரகுக்கோழி இனத்து இறகு, சாயம் தோய்த்த அன்னம், காட்டு வாத்து எல்லாம் இழை இழையாகப் பிரித்து ஒன்றோடொன்று கோத்தது. கன்னத்தில் நீலக் கோட்டிங்கா. கொம்புக்கு மக்கா கிளி. இரு பக்கத்திலும் நம் காட்டுச்சேவல். விரல் நீளம் கூட இல்லாத ஒரு முள்ளில் ஐந்து கண்டங்கள் உட்கார்ந்திருந்தன.

1895-இல் ஜார்ஜ் கெல்சன் என்பவர் 'சால்மன் பூச்சி' என்ற பெயரில் ஒரு பெரிய நூலையே எழுதினார். எந்த ஆற்றுக்கு எந்தப் பூச்சி, எந்தப் பறவையின் எந்த இடத்து இறகு என்று இலக்கணம் வகுத்தார். ஓர் இறகு மாறினாலும் மீன் ஏமாறாது என்று அந்தக் காலத்தவர் உண்மையாகவே நம்பினார்கள். அந்த வேலைப்பாட்டின் அழகை நான் மறுக்க மாட்டேன். அதைக் கட்டிய விரல்களுக்கு என் வணக்கம். ஆனால் அந்த இலக்கணம் மீனைப் பார்த்து எழுதியதல்ல, கடைக்கு வரும் கனவானின் கண்ணைப் பார்த்து எழுதியது என்பதே என் முடிவு. இந்த முடிவுக்கு நான் வரக் காரணமானவர் ஆர்தர் வுட் என்ற ஆங்கிலேயர்.

அபர்தீன் நகரத்தில் எண்ணெய்த் தொழிலில் வேலைபார்த்த காலத்தில், அதன் வழியாக ஓடிக் கடலில் விழும் டீ ஆற்றங்கரையில்தான் நான் இந்தக் கலையைக் கற்றேன். அந்த ஆற்றின் கரையில் கேர்ன்டன் என்ற இடம் இருக்கிறது. வுட் 1913 முதல் 1934 வரை அங்கே மீன் பிடித்தார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சால்மன்களைப் பிடித்தார். அத்தனைக்கும் அவர் பெட்டியில் இருந்த வகைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். நீலமும் கறுப்பும் கலந்த 'புளூ சார்ம்', வெள்ளி உடம்புள்ள 'சில்வர் புளூ', பழுப்பு நிற 'மார்ச் பிரவுன்', அவ்வளவுதான் முக்கியமாக. வகை பெரிதல்ல, அளவுதான் பெரிது என்பது அவர் கண்ட முடிவு. அதைச் சோதிக்க இறகே இல்லாத வெறும் முள்ளில் சிவப்புச் சாயமும் நீலச் சாயமும் பூசி வீசினார். அதற்கும் மீன் வந்தது. கெல்சன் நூல் வெளிவந்து நாற்பது ஆண்டு ஆகும் முன்பே அதன் இலக்கணம் ஆற்றில் கரைந்துவிட்டது.

பூச்சித் தூண்டில் எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இறகு கட்டிய முள்ளுக்குக் கனமே கிடையாது. அதனால் கயிற்றுக்குக் கனம் ஏற்றியிருப்பார்கள். பன்னிரண்டு பதினைந்து அடி நீளக் கழியை இரண்டு கையாலும் பிடித்து, கயிற்றை நீரோட்டத்துக்குக் குறுக்கே, சற்றுக் கீழ்நோக்கி வீசுவார்கள். நீரோட்டம் கயிற்றை வளைத்து இழுக்க, பூச்சி அக்கரையிலிருந்து இக்கரைக்கு ஒரு வில்லாக நீந்தி வரும். வுட் தம் பட்டுக்கயிற்றுக்குக் கொழுப்புத் தடவி மிதக்கவிட்டார். பூச்சி மேல்மட்டத்துக்கு அருகிலேயே நிதானமாக வந்தது. அவர் வெற்றியில் இதற்கும் பெரும் பங்கு உண்டு.

அப்படியானால் பூச்சியை எப்படித் தேர்ந்தெடுப்பது? பெட்டியைத் திறக்காதீர்கள். முதலில் தண்ணீரைப் பாருங்கள்.

தெர்மாமீட்டரை நூலில் கட்டித் தண்ணீருக்குள் விடுங்கள். மீனுக்கு உடம்புச் சூடு தண்ணீரின் சூடுதான். ஸ்காட்லாந்தில் டே ஆற்றில் ஜனவரி 15-லும், டீ ஆற்றில் பிப்ரவரி 1-லும் பருவம் தொடங்குகிறது. அப்போது தண்ணீர் 4, 5 டிகிரி செல்சியஸ் இருக்கும். மீன் அடியில் சோம்பிக் கிடக்கும். இரண்டு மூன்று அங்குல நீளப் பூச்சியை, பித்தளைக் குழலில் கட்டியதை, அமிழும் கயிற்றில் கோத்து, அதன் மூக்குக்கு முன்னால் மெதுவாகக் கொண்டுபோக வேண்டும். தண்ணீர் 9, 10 டிகிரியைத் தாண்டும்போது ஆட்டம் மாறுகிறது. மீன் மேலே எழுந்து வரத் தயாராகிறது. மிதக்கும் கயிறு போதும், பூச்சியும் சிறுக்க வேண்டும். அங்கே முள்ளின் எண் கூடக் கூட அளவு சிறுக்கும். வசந்தத்தின் கடைசியில் 6, 8-ஆம் எண் முள். கோடையில் ஆறு வற்றித் தெளிந்து 15 டிகிரிக்கு மேல் போனால் 10, 12. அப்போது சில இழைகள் மட்டும் கட்டிய, நகத்தளவுப் பூச்சிக்குத்தான் பத்துக் கிலோ மீன் வரும். இதைப் புதிதாக வருபவர் நம்ப மாட்டார். பெரிய மீனுக்குப் பெரிய பூச்சி என்று நினைத்து, தெளிந்த மடுவில் பெரியதை வீசிக் கிடக்கும் மீனையெல்லாம் மிரட்டிவிடுவார்.

அடுத்து நீர்மட்டம். நம் ஓடைகளில் புதுத்தண்ணி வந்தால் மீன் ஏறும் என்று நமக்குத் தெரியும். சால்மனும் அப்படியே. மழை பெய்து ஆறு பெருகும்போது கடல்முகத்தில் காத்திருக்கும் கூட்டம் மேலேறத் தொடங்கும். ஆனால் வெள்ளம் ஏறிக்கொண்டிருக்கும்போது தூண்டில் போட்டுப் பயன் இல்லை. வடியத் தொடங்கி, கலங்கல் தெளியத் தொடங்கும் அந்தச் சில மணி நேரம்தான் நல்ல நேரம். மட்டம் உயர்ந்திருந்தால் முன்பு சொன்ன அளவைவிட ஒரு படி பெரிதாக மாட்டுங்கள். வடிய வடிய ஒவ்வொரு படியாகக் குறையுங்கள்.

நிறம் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். ஸ்காட்லாந்தின் மலைகளில் மட்கிய பாசியும் புல்லும் கலந்த கரிமண் நிலம் அதிகம். அங்கிருந்து வரும் தண்ணீர் கட்டன் சாயா நிறத்தில் இருக்கும். அந்தப் பழுப்பு நீலத்தை விழுங்கிவிடும், ஆரஞ்சையும் சிவப்பையும் மஞ்சளையும் உள்ளே விடும். ஆகவே அந்தத் தண்ணீரில் கறுப்பு, ஆரஞ்சு, மஞ்சள் மயிர் கலந்து கட்டிய 'வில்லி கன்' வேலை செய்கிறது. அலெஸ்டர் கோவன்ஸ் உருவாக்கிய, இறால் சாயலுள்ள 'அல்லிஸ் ஷ்ரிம்ப்' வேலை செய்கிறது. அவரே கட்டிய 'கேஸ்கேட்' இன்று ஏறக்குறைய எல்லாப் பெட்டியிலும் இருக்கிறது. தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருந்தால் ஆடம்பரம் வேண்டாம். கீழே கிடக்கும் மீன் பூச்சியை வெளிச்சமான வானத்துக்கு எதிரே பார்க்கிறது. அதற்குத் தெரிவது நிழலுருவம். நிழலுருவத்துக்குக் கறுப்பைவிட நல்ல நிறம் இல்லை. கறுப்பு மயிரும் மெல்லிய வெள்ளிச் சரிகையுமாக இருக்கும் 'ஸ்டோட்ஸ் டெயில்' ஒன்றே கோடை முழுக்கப் போதும்.

விதிகள் இவ்வளவு. விதிக்குள் அடங்காததும் ஆற்றில் நடக்கும். நார்வேயில் ஆறங்குலக் கறுப்பு மயிர் கட்டிய 'சன்ரே ஷேடோ'வை நடுக்கோடையில் வேகமாக இழுத்து, மற்ற எதற்கும் அசையாத மீனைக் கிளப்புவார்கள். கனடாவின் மிராமிச்சி ஆற்றில் மான் மயிரைத் தடிமனாகக் கட்டிய 'பாம்பர்' பூச்சியைத் தண்ணீர்மேல் மிதக்கவிடுவார்கள். இரை எடுக்காத மீன் அதை மேலே வந்து கவ்வும். ஒரு மடுவில் சிறியதைக் காட்டி மீன் அசையவில்லை என்றால், கடைசியாக ஒருமுறை முற்றிலும் வேறான ஒன்றைக் காட்டிப் பாருங்கள். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பூச்சி மாற்றுபவர்களுக்கு மீன் கிடைப்பதில்லை. அவர்களுடைய பூச்சி தண்ணீரில் இருக்கும் நேரம் குறைவு.

இந்தக் கலையின் பெரியவர்களில் ஒருவர் தூண்டிலே போட்டதில்லை. மேகன் பாய்ட் என்ற அம்மையார். 1915-இல் பிறந்தவர். ஸ்காட்லாந்தின் வடபகுதியில், புரோரா என்ற ஊருக்கு அருகே, மின்சாரம் இல்லாத ஒரு குடிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்து பல பத்தாண்டுகள் பூச்சி கட்டினார். அவர் கட்டிய பூச்சிக்கு அன்று இளவரசராக இருந்த சார்லஸே வாடிக்கையாளர். 1971-இல் அரசு அவருக்குப் பதக்கம் அறிவித்தது. நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று சொல்லி, லண்டனுக்குப் போய் வாங்க மறுத்துவிட்டார். மீனைக் கொல்ல அவருக்கு மனம் இல்லை. 2001-இல் காலமானார். பூச்சியின் அழகு வேறு, மீன்பிடிப்பு வேறு என்பதை அவர் வாழ்க்கையே சொல்கிறது. அழகுக்காகக் கட்டுகிறேன் என்றால் கட்டட்டும், அதில் எனக்குக் குறை இல்லை. அந்த அழகுக்கு எங்கிருந்து இறகு வருகிறது என்பதில்தான் எனக்கு வழக்கு.

ஏனென்றால் அந்த மோகம் இன்னும் அடங்கவில்லை. 2009 ஜூன் மாதம் ஒரு இரவு, இங்கிலாந்தின் டிரிங் நகரில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஜன்னலை உடைத்து உள்ளே போன இளைஞர் ஒருவர் 299 பறவைத் தோல்களைத் திருடினார். லண்டனில் இசை படித்துக்கொண்டிருந்த அமெரிக்க மாணவர் அவர். ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் சேகரித்த சொர்க்கப்பறவைகளும் அதில் இருந்தன. எல்லாம் விக்டோரியா காலத்துச் சால்மன் பூச்சிகளை அப்படியே கட்ட விரும்பியவர்களுக்கு இணையம் வழியே விற்கத்தான். பல தோல்களின் அடையாளச் சீட்டுகள் கிழிக்கப்பட்டதால் அறிவியலுக்கு அவை என்றைக்குமாகப் பயனற்றுப் போயின. அப்படிக் கட்டிய பூச்சிகளில் பெரும்பாலானவை தண்ணீரையே பார்ப்பதில்லை. கண்ணாடிச் சட்டத்துக்குள் போகின்றன.

நம் காட்டுச்சேவலின் கதை இந்த அளவு கெட்டுப்போகவில்லை. 1960-களின் இறுதியில் இந்தியா அந்தக் கழுத்துத் தோல்களின் ஏற்றுமதியைத் தடைசெய்தது. வெளிநாட்டுக் கட்டுநர்கள் முதலில் கலங்கினார்கள். பிறகு பிரிட்டனில் அதே பறவையைப் பண்ணையில் வளர்த்தார்கள். சிலர் பிளாஸ்டிக்கில் கண் செய்தார்கள், சிலர் கண்ணே இல்லாமல் கட்டினார்கள். அதன் பிறகும் மீன் வந்தது. இன்று அதிகமாகப் பயன்படும் பூச்சிகள் பலவும் சாயம் தோய்த்த மான்வால் மயிராலும் செயற்கை இழையாலும் கட்டியவை. காட்டுப் பறவையின் இறகு இல்லாமல் இந்தக் கலை நின்றுவிடும் என்று சொன்னவர்கள் தோற்றார்கள். எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி.

இப்போது ஆபத்தில் இருப்பது மீன். 2023 டிசம்பரில் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அட்லாண்டிக் சால்மனை அச்சுறுத்தலை நெருங்கும் இனங்களின் வரிசையில் சேர்த்தது. 2006-க்கும் 2020-க்கும் இடையே உலக அளவில் அதன் எண்ணிக்கை 23 சதவீதம் குறைந்தது என்று கணக்கிட்டார்கள். ஆறுகள் சூடாகின்றன, அணைகள் வழியை மறிக்கின்றன, கடலோர மீன்பண்ணைகளிலிருந்து பேன் பரவுகிறது. அதனால் பூச்சித் தேர்வில் விக்டோரியா காலத்தவர் நினைத்தே பார்க்காத ஒரு கேள்வி முதல் இடத்துக்கு வந்துவிட்டது. பிடித்த மீனைக் காயமில்லாமல் விட்டுவிட எந்த முள் நல்லது? மூன்று கொக்கி முள் வேண்டாம். ஒற்றை முள், அதிலும் எதிர்முள் நசுக்கியது அல்லது இல்லாதது. மீனைத் தண்ணீரிலிருந்து தூக்காமலே கழற்றிவிடலாம். தண்ணீர் 20 டிகிரியைத் தொட்டால் எந்தப் பூச்சியும் வேண்டாம், கயிற்றைச் சுருட்டிவிடுங்கள். அந்தச் சூட்டில் போராடிக் களைத்த மீன் விட்டாலும் பிழைப்பது கடினம்.

இந்த ஊருக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. சிங்கப்பூரில் 1941-லேயே தங்கள் ஊர்ப் பெயரில் முஸ்லிம் லீக் அமைப்பை நிறுவியவர்கள் கடையநல்லூர்க்காரர்கள். இப்போது உங்கள் பிள்ளைகள் பிரிட்டனுக்கும் கனடாவுக்கும் போகிறார்கள். அவர்களில் ஒருவர் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை டீ ஆற்றங்கரையில் நின்றால், அன்று ஸ்காட்லாந்தில் சால்மன் பிடிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ளட்டும். மற்ற நாளில் அந்த ஆற்றுப் பகுதிக்கு உரிமை உள்ளவரிடம் அனுமதி வாங்க வேண்டும். கனடாவின் நியூ பிரன்சுவிக்கில் செயற்கைப் பூச்சியைத் தவிர வேறெதையும் சால்மனுக்கு வீசக் கூடாது. பெட்டியில் நான்கு பூச்சி போதும்: குளிர்ந்த பெருநீருக்கு ஒரு 'வில்லி கன்' குழல், பழுப்புத் தண்ணீருக்கு 'கேஸ்கேட்' இரண்டு அளவில், தெளிந்த தண்ணீருக்குச் சிறிய 'ஸ்டோட்ஸ் டெயில்'.

காட்டுச்சேவலின் கழுத்திறகு வைத்துத்தான் கட்டுவேன் என்று அவர் ஆசைப்பட்டால், இங்கிருந்து ஒன்றும் அனுப்பிவைக்காதீர்கள். அந்தப் பறவையைப் பிடிப்பதும் கொல்வதும் இறகை விற்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பண்ணைச் சேவலின் இறகு அங்கேயே சட்டப்படி கிடைக்கிறது. பண்ணையின் பெயரைக் கேட்டு, சீட்டோடு வாங்கச் சொல்லுங்கள்.

மேசைமேல் நான் கட்டிய சில பூச்சிகள் வைத்திருக்கிறேன். வந்து பாருங்கள், எடுத்தும் பாருங்கள். முள் கூரானது, பிள்ளைகளைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது.